மறு: நொடிக்கு 50,000 மாதிரி வைத்தால் நடுவில் தரவு விடுபடுகிறது

யூஎஸ்பி வழியாக அளவீடுகளை அனுப்பும் உங்கள் கருவியிலிருந்து குறைந்த வேகத்தில் தரவு சரியாக வருகிறது, நொடிக்கு 50,000 மாதிரி (அளவீடு) தொட்டால் நடுவில் ஓட்டை விழுகிறது என்கிறீர்கள். கேபிளைச் சந்தேகிக்க வேண்டாம். 16 பிட் மாதிரி என்றால் நொடிக்கு 100 கிலோபைட்தான். யூஎஸ்பியில் ஹை ஸ்பீடைவிட மெதுவான ஃபுல் ஸ்பீடே இதைத் தாங்கும்.

நீங்கள் ஒட்டியிருக்கும் நிரலில் லிப்யூஎஸ்பியின் (யூஎஸ்பி கருவிகளோடு பேச உதவும் நிரலகம்) ஒத்திசைவு பல்க் வாசிப்பு, அதாவது தரவு வந்து முடியும்வரை காத்திருக்கும் வாசிப்பு, ஒரு லூப்பில் ஓடுகிறது. ஒரு வாசிப்பு முடிந்து, கோப்பில் எழுதி, அடுத்ததைக் கேட்கும்வரை கருவியிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. கருவியின் இடையகம் (தரவைத் தற்காலிகமாக வைக்கும் நினைவகம்) 4 கிலோபைட் என்று வைத்துக்கொண்டால் 40 மில்லிநொடியில் நிரம்பிவிடும். வட்டு ஒருமுறை திணறினால் போதும், மாதிரிகள் போச்சு.

ஒத்திசைவற்ற முறைக்கு, அதாவது வாசிப்பு முடியக் காத்திருக்காத முறைக்கு, மாறுங்கள். எட்டுப் பத்து டிரான்ஸ்ஃபர்களை (வாசிப்புக் கோரிக்கைகளை) முன்கூட்டியே வரிசையில் போட்டுவிட்டு, ஒன்று முடிந்ததும் கால்பேக்கில் (அப்போது லிப்யூஎஸ்பி அழைக்கும் உங்கள் செயற்கூறில்) தரவை நகலெடுத்து உடனே அதையே திரும்பச் சமர்ப்பிக்க வேண்டும். கோப்பில் எழுதுவது தனி இழையில் (த்ரெட்). கால்பேக்குக்குள் வேண்டவே வேண்டாம் (நானும் அங்கேதான் மாட்டினேன்). ஒவ்வொரு டிரான்ஸ்ஃபரின் அளவும் எண்ட்பாயிண்டின் (கருவியில் தரவு வெளிவரும் முனை) அதிகபட்சப் பொட்டல அளவின் மடங்காக இருக்கட்டும், அது ஃபுல் ஸ்பீடில் பெரும்பாலும் 64 பைட், ஹை ஸ்பீடில் 512. இல்லையென்றால், கேட்டதைவிட அதிகத் தரவு வந்து ஓவர்ஃப்ளோ பிழை வரலாம்.

அப்புறம், கர்னல் டிரைவர் (இயங்குதளத்தின் உள்ளேயே ஓடும் கருவி நிரல்) எழுதும் யோசனையை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். இந்த வேகத்துக்கு அது தேவையில்லை.

மாற்றிய பிறகும் ஓட்டை இருந்தால் யூஎஸ்பி போக்குவரத்தை யூஎஸ்பிமான் (லினக்ஸின் யூஎஸ்பி கண்காணிப்பு வசதி) வழியாக வயர்ஷார்க் என்ற பகுப்பாய்வு மென்பொருளில் பிடித்து இங்கே போடுங்கள், பார்க்கலாம்.