முகம் ஒடுங்காமல் படத்தைச் சிறிதாக்குவது எப்படி?

கேள்வி: எங்கள் பள்ளியின் முன்னாள் மாணவர் சங்க இணையதளத்தை நான் கவனித்துக்கொள்கிறேன். உறுப்பினர் பக்கத்தில் 60 பேரின் படங்களை நெட்டுவாக்கில், 150 பிக்சல் அகலம், 200 பிக்சல் உயரம் என்ற அளவில் போட வேண்டும். பாதிப் படங்களைக் கணினியில் சுருக்கினேன். மீதியை அப்படியே ஏற்றி, பக்கத்தில் மட்டும் அளவு கொடுத்தேன். சிலருடைய முகம் ஒடுங்கிவிட்டது, சிலருடையது மங்கலாக இருக்கிறது, பக்கம் திறக்கவும் வெகுநேரம் ஆகிறது. எங்கே தவறு?

பதில்: முகம் ஒடுங்கியதிலிருந்து தொடங்குவோம், மனதைச் சங்கடப்படுத்துவது அதுதான். செல்போனைக் கிடைவாக்கில் பிடித்து எடுத்த ஒரு படம் 4000க்கு 3000 பிக்சல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை 150க்கு 200 ஆக்கும்போது உயரம் 15 மடங்கு குறைகிறது. அகலமோ ஏறத்தாழ 27 மடங்கு குறைகிறது. முகத்தின் அகலம் இருக்க வேண்டியதில் பாதியை ஒட்டி வந்துவிடுகிறது. உருண்டை முகக்காரர் நோய்ப்பட்டவர் போலத் தெரிவது இதனால்தான்.

எனவே முதலில் வெட்டுங்கள், பிறகு சுருக்குங்கள். உங்கள் கட்டத்தின் விகிதம் 3க்கு 4. மேலே சொன்ன படத்தில் முழு உயரத்தையும் எடுத்துக்கொண்டால் 2250க்கு 3000 பிக்சல் பகுதியை வெட்டலாம். இலவசமாகக் கிடைக்கும் கிம்ப் மென்பொருளில் ‘கிராப்’ கருவியை எடுத்து, விகிதத்தை 3:4 என்று பூட்டிவிட்டால், சட்டத்தை எப்படி இழுத்தாலும் விகிதம் மாறாது.

எதை வெட்டுவது என்பதில்தான் உங்கள் நேரத்தைச் செலவிட வேண்டும். விரல் நீளப் படத்தில் பின்னால் இருக்கும் கோயில் கோபுரமோ கல்யாண மேடையோ யாருக்கும் தெரியப்போவதில்லை. முப்பது வருடம் கழித்துப் பார்க்கும் வகுப்புத்தோழர், “அட, இவரா!” என்று அடையாளம் கண்டால் போதும். அதற்கு முகம் கட்டத்தை நிறைக்க வேண்டும். உச்சந்தலை முதல் முகவாய் வரை, கட்டத்தின் உயரத்தில் பாதிக்கு மேல் வரட்டும். தலைக்கு மேல் சிறிது இடைவெளி, கீழே தோள்களின் தொடக்கம், கண்கள் மேலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் கீழே. அறுபது பேருக்கும் கண்கள் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் அமைந்தால், வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு ஒளியில் எடுத்த படங்களும் ஒரு குழுவாக உட்கார்ந்திருப்பது போலத் தோன்றும். எல்லாப் படங்களையும் ஒரே சொடுக்கில் வெட்டும் மென்பொருள்கள் உண்டு. ஆனால் சாதாரணமாக அவை நடுப்பகுதியை எடுக்குமே தவிர, முகம் எங்கே என்று பார்ப்பதில்லை. நின்றபடி எடுத்த படத்தில் தலை போய்ச் சட்டைப் பொத்தான் மிஞ்சும். அறுபது படங்களைக் கையால் வெட்ட ஒரு மாலைப் பொழுது போதும், தயங்காமல் செய்யுங்கள்.

பாஸ்போர்ட் அளவுப் படங்கள் வேலையை எளிதாக்கும். 35க்கு 45 மில்லிமீட்டர் என்ற அளவு உங்கள் விகிதத்துக்கு மிக அருகில் இருக்கிறது. இரு பக்கமும் சேர்த்து 1.25 மில்லிமீட்டர் குறைத்தால் பொருந்திவிடும். ஸ்கேனரில் 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற கணக்கு) வைத்தால் சுமார் 413க்கு 531 பிக்சல் கிடைக்கும், அது போதும். ‘இணையத்துக்கு 72 டிபிஐ’ என்று யாராவது சொன்னால் பொருட்படுத்த வேண்டாம். திரையில் எண்ணப்படுவது பிக்சல் மட்டுமே.

இனி மங்கல். இன்றைய செல்போன் திரைகளில், பக்கத்தின் கணக்கில் ஒரு பிக்சல் என்பது அகலவாக்கில் இரண்டு அல்லது மூன்று உண்மையான புள்ளிகள். 150க்கு 200 கோப்பு அங்கே இழுத்து நிரப்பப்படுகிறது, அதனால் கலங்குகிறது. கோப்பை 300க்கு 400 ஆகச் செய்து, பக்கத்தில் 150க்கு 200 என்று காட்டுங்கள். சுருக்கிய பின், விளிம்புகளைக் கூர்மையாக்கும் ‘அன்ஷார்ப் மாஸ்க்’ வடிகட்டியை மிகக் குறைவாக ஒரு முறை கொடுத்தால் கண்ணும் மீசையும் தெளிவாகும். கூடினால் முடியைச் சுற்றி வெள்ளைக் கோடு விழும், அங்கே நிறுத்திவிடுங்கள்.

பக்கம் தாமதமாகத் திறப்பதற்குக் காரணம், நீங்கள் அப்படியே ஏற்றிய பாதிதான். பக்கத்தில் அளவு கொடுத்தால் தோற்றம்தான் சிறுக்கும், கோப்பு சிறுக்காது. 3 எம்பி படம் முழுவதும் இறங்கிய பிறகே சிறிதாகக் காட்டப்படுகிறது. அப்படி முப்பது படங்கள் என்றால் 90 எம்பி. 300க்கு 400 அளவில், ஜேபெக் தரம் 80 என்று சேமித்தால் ஒரு படம் பெரும்பாலும் 20 முதல் 40 கேபிக்குள் அடங்கும். வெப்பி (WebP) என்ற புதிய பட வடிவம் இன்னும் சிறிதாகும். ஆனால் இந்த அளவில் ஜேபெக்கே தாராளம். அகலத்தையும் உயரத்தையும் பக்கத்தில் குறிப்பிடுவதை மட்டும் விட்டுவிடாதீர்கள். இல்லாவிட்டால் படம் வரவரப் பக்கம் குதிக்கும்.

பல செல்போன்கள் நெட்டுவாக்கில் எடுத்த படத்தையும் கிடையாகவே பதிந்து, ‘திருப்பிக் காட்டு’ என்ற குறிப்பை, கோப்புக்குள் படத்தோடு மறைவாகச் சேரும் எக்ஸிஃப் தகவலில் வைக்கின்றன. கிம்ப் ‘திருப்பட்டுமா?’ என்று கேட்டால் ஆம் என்று சொல்லுங்கள். அதன் பிறகு, சேமிக்கும்போது எக்ஸிஃப் தகவலை நீக்கிவிடுங்கள். படம் எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகைகூட அதில் இருக்கலாம். வீட்டில் எடுத்த படமென்றால் உறுப்பினரின் வீடு எங்கே என்று ஊருக்கே சொல்வதாகிவிடும்.

ஏற்கெனவே ஒடுங்கிய கோப்புகளை இழுத்துச் சரிசெய்ய முயலாதீர்கள், மூலப்படத்திலிருந்து மீண்டும் தொடங்குங்கள். ஜேபெக் ஒவ்வொரு முறை திருத்திச் சேமிக்கும்போதும் கொஞ்சம் நுணுக்கத்தை இழக்கும். மூலப்படங்களைத் தனிக் கோப்புறையில் தொடாமல் வைத்திருங்கள்.

ஒருவருக்குப் பழைய குழுப்படம் மட்டுமே இருந்து, அதில் முகம் 80 பிக்சல்தான் தேறுகிறது என்றால், பெரிதாக்க வேண்டாம். அச்சுப்படி யாரிடமாவது இருக்கிறதா என்று கேட்டு, 1200 டிபிஐயில் அந்த முகத்தை மட்டும் ஸ்கேன் செய்யுங்கள். பழைய ஸ்டூடியோ அச்சுகளில் எதிர்பார்ப்பதைவிட அதிக நுணுக்கம் இருக்கும். சிலவற்றின் தாளில் உள்ள தேன்கூட்டு வரி ஸ்கேனில் பளிச்சென்று தெரிந்தாலும், 300க்கு 400 ஆகச் சுருங்கும்போது பெரும்பாலும் மறைந்துவிடும்.