வருகை தாமதிப்பது எதற்காக? சில கேள்விகள், சில பதில்கள்

கர்த்தராகிய இயேசு மறுபடியும் வருவார் என்ற நம்பிக்கைக்கும் சுவிசேஷம் சொல்வதற்கும் என்ன சம்பந்தம் என்று பெங்களூர்த் தமிழ்ச் சபையார் சிலர் சீட்டில் எழுதிக் கொடுத்த கேள்விகள் இவை. பதில் சொல்கிறவர் வேதபாடம் நடத்தும் மூத்த சகோதரர்.

லிங்கராஜபுரம்: ஐயா, இஸ்ரவேலில் சண்டை என்றாலே எங்கள் சபை வாட்ஸ்அப்பில் "இதோ அடையாளம்" என்று வீடியோ குவிகிறது. அதை ஆபீஸ் நண்பர்களுக்கு அனுப்பினால் சுவிசேஷம் சொன்னதாக ஆகுமா?

ஆகாது. அந்த வீடியோவில் இயேசு மரித்ததும் உயிர்த்தெழுந்ததும் எத்தனை நிமிஷம் வருகிறது என்று கடிகாரம் வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் கடைசி அரை நிமிஷம்தான் தேறும். யுத்தச் செய்திகளைப் பற்றி இயேசுவே மத்தேயு 24:6இல் சொன்னது "கலங்காதபடி எச்சரிக்கையாயிருங்கள்", "முடிவு உடனே வராது" என்பதுதான். எட்டாம் வசனத்தில் வரும் "வேதனைகளுக்கு ஆரம்பம்" என்பதற்கு மூலத்தில் உள்ள சொல் பிரசவ வேதனையைக் குறிப்பது. முதல் வலி வந்தால் பிள்ளை வரப்போவது உறுதி, எந்த மணிக்கு என்பது அதில் தெரியாது.

தேதி குறித்தவர்களின் கதை நீளமானது. 1844 அக்டோபர் 22 என்று அமெரிக்காவில் வில்லியம் மில்லரைப் பின்பற்றியவர்கள் காத்திருந்தார்கள். சிலர் வயலில் அறுவடையைக்கூட அப்படியே விட்டார்கள். 1992 அக்டோபர் 28 என்றது தென் கொரியாவில் ஒரு கூட்டம். அமெரிக்க வானொலிப் பிரசங்கியார் ஹரோல்ட் கேம்பிங் 2011 மே 21 என்றார், அது பொய்த்ததும் அக்டோபர் 21 என்றார், அதுவும் பொய்த்தபின் 2012இல் தவறை ஒப்புக்கொண்டார். தேதி தப்பினால் அவமானம் நம்மோடு நின்றுவிடுவதில்லை. நாளைக்கு நீங்கள் உயிர்த்தெழுதலைப் பற்றிப் பேசினாலும் "போன தடவையும் இப்படித்தானே சொன்னீங்க" என்பார் பக்கத்து சீட்டுக்காரர்.

அப்போஸ்தலருடைய நடபடிகளில் 2, 10, 13, 17 ஆகிய அதிகாரங்களின் பிரசங்கங்களை ஒரே மூச்சில் வாசித்துப் பாருங்கள். நியாயத்தீர்ப்பு வருகிறது (10:42, 17:31). ஆனால் நடுவில் நிற்பது உயிர்த்தெழுதல். அந்த வார ரோமச் செய்தியை எடுத்து "அடையாளம்" என்று காட்டிய பிரசங்கம் அதில் ஒன்றுகூட இல்லை.

எலக்ட்ரானிக் சிட்டி: அண்ணா, வருகை சமீபம் என்று நம்பிக்கொண்டே இருபது வருஷ ஈஎம்ஐ-யில் வீடு வாங்குவது அவிசுவாசமா? வேலையை விட்டுவிட்டு முழுநேர ஊழியத்துக்கு வரச் சொல்கிறார்கள்.

வீடு வாங்குங்கள். தெசலோனிக்கே சபையிலும் கர்த்தருடைய நாளைப் பற்றிய கலக்கம் இருந்தது, வேலை செய்யாமல் திரிந்தவர்களும் இருந்தார்கள். அவர்களுக்குத்தான் "ஒருவன் வேலைசெய்ய மனதில்லாதிருந்தால் அவன் சாப்பிடவுங்கூடாது" என்று பவுல் எழுதினார் (2 தெசலோனிக்கேயர் 3:10). எழுதியவர் தாமே கூடாரம் தைத்துச் சாப்பிட்டவர்.

முழுநேர ஊழியம் தனி அழைப்பு. "நேரம் இல்லை, சீக்கிரம்!" என்ற பதட்டத்தில் எடுத்த முடிவு ஆறாவது மாதத்தில் வாடகைக்குத் திண்டாடும்போது கசந்துபோகும். ஒரு சோதனை இருக்கிறது. கர்த்தர் இன்னும் 300 வருஷம் கழித்துத்தான் வருவார் என்று தெரிந்தாலும் இதே முடிவை எடுப்பீர்களா? "ஆம்" என்றால் சபை மூப்பரோடு உட்கார்ந்து பேசுங்கள்.

ஆஸ்டின் டவுன்: மத்தேயு 24:14இன்படி எல்லா ஜாதிகளுக்கும் பிரசங்கித்து முடித்தால் முடிவு வரும். அப்படியென்றால் வேகமாகச் சொன்னால் வருகையை நாம் சீக்கிரப்படுத்தலாமா?

முதலில் "ஜாதி". பழைய மொழிபெயர்ப்பில் இந்தச் சொல் "இனத்தார், மக்கள்" என்ற பொருளில் நிற்கிறது. இன்றைக்கு வெளியாள் ஒருவர் காதில் அது சாதியாகத்தான் விழும். "சகல ஜாதிகளையும் சீஷராக்கி" என்று அப்படியே வாசித்துக் காட்டினால், "எங்க சாதியைத்தான் குறி வச்சிருக்கீங்களா?" என்று கேட்டுவிடுவார். "எல்லா மக்களுக்கும்" என்று சொல்லுங்கள்.

அடுத்து, சீக்கிரப்படுத்துவது. 2 பேதுரு 3:12இல் அப்படி ஒரு சொல் இருப்பது உண்மை. ஆனால் அதை மீட்டர் வட்டி மாதிரி கணக்குப் போடாதீர்கள். மத்தேயு 24:14 ஒரு வாக்குத்தத்தம்: பிரசங்கிக்கப்படும், அப்போது முடிவு வரும். "இத்தனை இனம் பாக்கி, ஒன்றுக்கு ஒருவர் அனுப்பினால் கதை முடிந்தது" என்று எக்செல் தாளில் டிக் அடிப்பவர்கள் மக்களைக் கட்டமாகப் பார்க்க ஆரம்பிக்கிறார்கள். மொழி கற்பது, பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவது, பத்து வருஷம் ஒரே ஊரில் இருப்பது எல்லாம் அந்தக் கணக்கில் "தாமதம்" ஆகிவிடும்.

பேதுரு அந்தத் தாமதத்தையே வேறு மாதிரி பார்க்கிறார். "ஒருவரும் கெட்டுப்போகாமல் எல்லாரும் மனந்திரும்பவேண்டுமென்று விரும்பி, நம்மேல் நீடிய பொறுமையுள்ளவராயிருக்கிறார்" (3:9). கொஞ்சம் தள்ளி 15ஆம் வசனத்தில், அந்தப் பொறுமையை இரட்சிப்பென்று எண்ணச் சொல்கிறார். வருகை இன்னும் வரவில்லையே என்று நாம் கவலைப்படும் ஒவ்வொரு நாளும் யாரோ ஒருவருக்காகத் திறந்து வைத்த கதவு. சுவிசேஷம் சொல்ல வேண்டிய காரணம் அதற்குள்தான் இருக்கிறது. மணி ஓடுகிறதே என்ற பயத்தோடு பேசுகிறவருக்கும், கதவு இன்னும் திறந்திருக்கிறதே என்ற நன்றியோடு பேசுகிறவருக்கும் குரலே வேறு.

ஃப்ரேசர் டவுன், ஒரு சகோதரி: எங்கள் சபையில் இரகசிய வருகை முதலில், அதில் விசுவாசிகள் எடுத்துக்கொள்ளப்படுவார்கள், பிறகு உலகத்துக்கு உபத்திரவ காலம் என்கிறார்கள். கணவர் வீட்டுச் சபையில் அப்படி ஒன்றே கிடையாது என்கிறார்கள். இதில் தெளிவில்லாமல் எப்படி ஊழியம் செய்வது?

தாராளமாகச் செய்யலாம். "இரகசிய வருகை" போதனை இன்றைய வடிவில் 1830களுக்குப் பிறகு ஜான் நெல்சன் டார்பி வழியாகப் பரவியது, 1909இல் வந்த ஸ்கோஃபீல்டு குறிப்புவேதாகமம் அதை வீடுவீடாகக் கொண்டுபோனது. வெளிப்படுத்தல் 20இல் வரும் கிறிஸ்துவின் ஆயிர வருஷ அரசாட்சியை அடையாள மொழியாக எடுப்பவர்களும் ஆதிச்சபைப் போதகர் அகுஸ்தீன் காலத்திலிருந்தே உண்டு. உலகம் உடைந்துகொண்டிருக்கிற கப்பல், தேவன் என் கையில் உயிர்காக்கும் படகைக் கொடுத்திருக்கிறார் என்றார் அமெரிக்கச் சுவிசேஷகர் டி.எல். மூடி. 1793இல் வங்காளத்துக்கு வந்த வில்லியம் கேரியோ சுவிசேஷம் உலகமெங்கும் ஜெயிக்கும் என்ற நம்பிக்கைக்காரர். கணக்கு இருவருக்கும் வேறு, உழைப்பில் இருவருமே சளைத்தவர்கள் அல்ல.

ஒன்று மட்டும் பாருங்கள். 1 தெசலோனிக்கேயர் 4:17இல் "எதிர்கொண்டுபோக" என்று இருக்கிறதே, அதே கிரேக்கச் சொல்தான் ரோமச் சகோதரர் பவுலைப் பாதி வழியில் வரவேற்க வந்தபோதும் வருகிறது (அப்போஸ்தலர் 28:15). வந்தவர்கள் அவரோடு ஊருக்குள் திரும்பினார்கள். நம் ஊர் மாப்பிள்ளை அழைப்பு போல. அந்தப் பத்தியின் கடைசி வரி "ஒருவரையொருவர் தேற்றுங்கள்" என்பது. வருகையைக் காட்டி மிரட்டுகிறவர் அந்த வரிவரை வாசிக்கவில்லை.

மர்பி டவுன்: பக்கத்து வீட்டு அக்கா இந்து. "கலி முத்திப்போச்சு" என்று அடிக்கடி சொல்வார். நியாயத்தீர்ப்பைப் பயமுறுத்தாமல் எப்படிச் சொல்வது?

அவர் சொன்ன அந்த வாக்கியத்திலேயே தொடங்குங்கள். "ஏன்க்கா அப்படிச் சொல்றீங்க?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் ஒரு அநியாயம் வெளியே வரும்: அண்ணன் நிலத்தை எழுதி வாங்கிக்கொண்டான், கம்பெனிக்காரன் பி.எஃப். பணத்தைக் கட்டவில்லை. ஏமாந்தவருக்கு நியாயத்தீர்ப்பு நல்ல செய்திதான். சங்கீதம் 96இல் கர்த்தர் நியாயந்தீர்க்க வருகிறார் என்று காட்டு மரங்கள் சந்தோஷப்படுகின்றன. "அவன் தப்பிக்க மாட்டான்க்கா, கேட்கிறவர் ஒருத்தர் இருக்கார்" என்பது முதல் படி.

இரண்டாவது படியில்தான் பலர் சறுக்குகிறார்கள். சட்டென்று விரலை அக்கா பக்கம் திருப்பிவிடுகிறார்கள். முதலில் உங்கள் பக்கம் திருப்புங்கள்: "அந்த நியாயாதிபதி முன்னாடி நானும் நிக்கணும், என் கணக்கும் சுத்தமில்ல." அதன்பின் அந்த நியாயாதிபதியே தண்டனையைச் சுமந்தார் என்பதைச் சொல்லலாம். மொத்தம் பத்து நிமிஷம் போதும். "இன்னொரு நாள் இதைப் பத்திப் பேசலாமாக்கா?" என்று கேட்டு நிறுத்துங்கள்.

"ஆக்கினைத்தீர்ப்பு", "மீட்கப்பட்ட ஆத்துமா" போன்ற சபைச் சொற்களை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். "கல்கிதான் எங்க இயேசு" என்று குறுக்கு வழியும் வேண்டாம். கலியுகம் 4,32,000 வருஷம், முடிந்ததும் சக்கரம் மறுபடி சுற்றும். வேதம் சொல்வது ஒரே ஒரு முடிவு, அதற்குப் பின் புதிய வானம், புதிய பூமி. அந்த வித்தியாசத்தை மரியாதையோடு சொன்னாலே அக்கா யோசிப்பார்.

பெயரில்லாத சீட்டு: சட்டப்படி இதெல்லாம் பேசலாமா?

அரசியலமைப்பின் 25ஆவது பிரிவு மதத்தைப் பரப்பும் உரிமையைத் தருகிறது. பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரத்துக்கு உட்பட்டு. இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை அதில் அடங்காது என்று 1977இல் ஸ்டெய்னிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒடிசாவின் 1967ஆம் வருஷச் சட்டம் "தெய்வ கோபம்" என்று மிரட்டுவதையே வற்புறுத்தலில் சேர்க்கிறது. கர்நாடகத்திலும் 2022இல் மதமாற்றத் தடைச் சட்டம் வந்தது, 2023 ஜூனில் அதை நீக்க அமைச்சரவை முடிவெடுத்தது. ஞானஸ்நானம் என்று வரும்போது வக்கீல் ஒருவரைக் கேட்டுவிடுங்கள்.

நடைமுறையில்: அரிசிப் பையும் சுவிசேஷக் கைப்பிரதியும் ஒரே கையில் போகக்கூடாது. பெற்றோர் அறியாமல் பிள்ளைகளிடம் பேசக்கூடாது. பிறர் சாமியைக் கிண்டல் செய்யக்கூடாது. "நாளைக்கே செத்தா நரகம்" என்பது சட்டத்துக்கு முன்பே சாந்தத்துக்கு விரோதம் (1 பேதுரு 3:15).

நீலசந்திரா: பூமியே எரிந்துபோகப் போகிறதே, பிறகு டியூஷன் சென்டர், மருத்துவ முகாம் எல்லாம் எதற்கு? சுவிசேஷம் மட்டும் போதாதா?

2 பேதுரு 3:10இல் நம் வேதாகமம் "எரிந்து அழிந்துபோம்" என்கிறது. மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகளான சினாய்ப் பிரதியிலும் வத்திக்கான் பிரதியிலும் அந்த இடத்தில் "கண்டுபிடிக்கப்படும்" என்ற பொருளில் சொல் இருக்கிறது, அதாவது செய்தது எல்லாம் வெளியே தெரியும். எப்படி வாசித்தாலும், உயிர்த்தெழுதலைப் பற்றிய 1 கொரிந்தியர் 15 முடிவது "கர்த்தருக்குள் நீங்கள் படுகிற பிரயாசம் விருதாவாயிராது" என்ற இடத்தில். டியூஷன் சென்டரை மூட வேண்டாம்.

கம்மனஹள்ளி: அப்பா விசுவாசிக்காமலே இறந்துபோனார். இந்தப் போதனையைக் கேட்கும்போதெல்லாம் நெஞ்சு அடைக்கிறது.

அவருடைய கடைசி நேரம் உங்களுக்கும் எனக்கும் திறந்து காட்டப்படவில்லை. "சர்வலோக நியாயாதிபதி நீதிசெய்யாதிருப்பாரோ?" என்று ஆபிரகாம் கேட்ட இடத்தில் நில்லுங்கள் (ஆதியாகமம் 18:25). உங்கள் அப்பாவை உதாரணம் காட்டி யாராவது பிரசங்கித்தால் எழுந்து வெளியே போய்விடுங்கள், தப்பில்லை.

வாலிபர் ஐக்கியம்: "ஆயத்தமா?" என்று தீ ஜுவாலை படம் போட்டு ஆயிரம் கைப்பிரதி அச்சடிக்கப் போகிறோம். ஆலோசனை சொல்லுங்கள்.

படத்தை எடுங்கள். ஆயிரம் வேண்டாம், இருநூறு போதும். ஆயிரம் அடித்தால் தீர்ப்பதற்காகவே கொடுப்பீர்கள், பாதி பி.எம்.டி.சி. பஸ் சீட்டில் கிடக்கும். ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் கன்னடம். கன்னடத்தைக் கன்னடக்காரர் ஒருவர் வாசித்துத் திருத்தாமல் அச்சுக்குக் கொடுக்காதீர்கள். முதல் வரியில் உயிர்த்தெழுதல், வருகை கடைசிப் பத்தியில். கீழே ஒரு போன் நம்பர், ராத்திரி எட்டிலிருந்து பத்துவரை நிஜமாகவே எடுக்கிற ஒருவருடையது. அவருக்குக் கன்னடம் தெரிந்திருக்க வேண்டும்.