பெரிய செயின்சாவா, சிப்பரா? மரம் அகற்றும் தொழிலில் முதலில் வாங்க வேண்டியவை

கேள்வி: மரம் அகற்றும் குழு ஒன்றில் ஆறு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். முதலில் கீழே கிளை இழுத்தேன். இப்போது கயிறு கட்டி மேலே ஏறுகிறேன். மைத்துனரையும் நண்பர் ஒருவரையும் சேர்த்துக்கொண்டு சொந்தமாகத் தொழில் தொடங்க இருக்கிறேன். 18 அங்குலப் பாருடன் (செயின் சுற்றி ஓடும் நீண்ட தகடு) 50 சிசி செயின்சா ஒன்றும், நான் ஏறுவதற்கான ஹார்னஸும் (உடலோடு கட்டும் பட்டைக்கச்சை) கயிறும் கையில் உள்ளன. 90 சிசி செயின்சாவும் 36 அங்குலப் பாரும் இருந்தால்தான் பெரிய வேலைகள் கிடைக்கும் என்கிறார் மைத்துனர். கடன் வாங்கியாவது, கிளைகளைச் சில்லுகளாக்கும் எந்திரமான சிப்பரை வாங்கிவிட வேண்டும் என்பது என் எண்ணம். எது சரி? மரத்தின் மேலே பேட்டரி செயின்சா போதுமா?

பதில்: இரண்டுமே நல்ல கருவிகள்தாம், ஆனால் நீங்கள் சொல்லும் நிலையில் உங்கள் பணம் முதலில் போக வேண்டிய இடம் இவை இரண்டும் அல்ல. வெட்டிய கட்டையையும், மேலே ஏறிய ஆளையும் பத்திரமாகக் கீழே கொண்டுவரும் சாமான்களை முதலில் வாங்குங்கள். ஏன் என்பதை விளங்கிக்கொள்ள, நீங்கள் ஏற்கனவே அறிந்த ஒரு வேலைநாளை மனத்தில் ஓட்டிப் பாருங்கள். மரத்தைச் சுற்றிப் பார்ப்பது, தூரில் பொந்தோ காளானோ இருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பது, கயிறு ஏற்றுவது, கிளை இறங்கும் இடத்தை ஒழிப்பது எனக் காலைப் பொழுது கழியும். அதன் பிறகு மேலே செயின்சா ஓடும் நேரத்தைக் கூட்டினால் அது நாளின் சிறு பகுதியாகத்தான் இருக்கும். மீதி நேரம் முழுவதும் கட்டையை இறக்குவதிலும், கிளைகளை இழுப்பதிலும், துண்டு போடுவதிலும், ஏற்றுவதிலும், கடைசியில் வாரிப் பெருக்குவதிலும் போகிறது. பெரிய செயின்சா இந்த மிச்ச நேரத்தைப் பெரிதாகக் குறைத்துவிடாது.

கட்டையை இறக்குவதிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் சொந்தமாகத் தொடங்கும் குழுக்கள் மிகவும் குறைத்து மதிப்பிடுவது கட்டையின் எடையைத்தான். பச்சைக் கட்டை ஒரு கன மீட்டருக்கு 1,000 கிலோ என்று வைத்துக்கொண்டால் கணக்கு எளிது. பல மரங்களுக்கு அது உண்மைக்கு அருகில் இருக்கும், வயிரம் மிகுந்த சில மரங்கள் அதையும் தாண்டும். அப்படியானால் 40 செ.மீ. குறுக்களவும் ஒரு மீட்டர் நீளமும் உள்ள கட்டை ஏறக்குறைய 125 கிலோ. அதே நீளத்தில் 60 செ.மீ. கட்டை 280 கிலோவுக்கும் மேல். குறுக்களவு ஒன்றரை மடங்கானதும் எடை இரண்டேகால் மடங்காகிறது. கண்ணுக்கு இந்த வேறுபாடு அவ்வளவாகத் தெரிவதில்லை.

எடை மட்டுமே சுமை அன்று. கப்பியின் ஒரு பக்கம் கட்டை தொங்க, மறுபக்கம் கீழே இருப்பவர் கயிற்றைப் பிடித்திருக்க, இரண்டு பக்க இழுப்பும் சேர்ந்து கப்பி கட்டிய இடத்தில் கட்டையின் எடையைப் போல் ஏறக்குறைய இரு மடங்காக விழுகிறது. மேலே வேறு கிளை இல்லாத மொட்டைத் தண்டை மேலிருந்து துண்டு துண்டாக இறக்கும்போது நிலைமை இன்னும் கடுமை: கப்பி வெட்டுக்குக் கீழே இருப்பதால், கட்டை முதலில் கவிழ்ந்து விழுந்த பிறகுதான் கயிறு இறுகுகிறது. கீழே இருப்பவர் கயிற்றைச் சற்றே ஓடவிட்டு மெல்ல நிறுத்தினால் தண்டு ஒருமுறை அசைந்து அடங்கும். சட்டென்று இறுக்கிப் பிடித்தால் விசை எடையின் பல மடங்காகித் தண்டு முழுவதும் உலுக்கப்படும், அந்தத் தண்டில்தான் நீங்கள் கட்டப்பட்டு நிற்கிறீர்கள். ஆகவே கட்டையை நீளமாக விட்டு வேலையை விரைவாக முடிக்கும் ஆசையை இந்த இடத்தில் அடக்கிக்கொள்வதே நல்லது. நீளத்தைப் பாதியாக்கினால் எடை பாதியாகிறது, விழும் தூரமும் குறைகிறது.

இதற்கு வேண்டியவை: கட்டை இறக்குவதற்கென்றே 14 முதல் 16 மி.மீ. கயிறு, சுமைக்கு ஏற்ற கப்பி, அதைத் தண்டில் கட்டும் தடித்த பட்டைக்கயிறு, தூரில் கட்டிக் கயிற்றைச் சுற்றி உராய்வால் வேகத்தைக் கட்டுப்படுத்தும் உலோக உருளை. மரத்தையே சுற்றிக் கயிறு விடும் பழக்கம் இன்னும் பலரிடம் இருக்கிறது. பட்டையின் சொரசொரப்பு மரத்துக்கு மரம், ஈரத்துக்கு ஈரம் மாறுவதால் அந்தப் பிடிமானத்தைக் கணித்துச் சொல்ல முடியாது. கயிற்றின் அறுபடும் வலிமையில் பத்தில் ஒரு பங்கை மட்டும் வேலைச்சுமையாகக் கொள்ளுங்கள். 7 டன் என்று குறிக்கப்பட்ட கயிறு 700 கிலோ சுமைக்கானது என்பது மிகையான எச்சரிக்கையாகத் தோன்றலாம். ஆனால் முடிச்சு ஒன்றே வலிமையில் மூன்றில் ஒரு பங்கையோ அதற்கு மேலோ குறைத்துவிடலாம், மேற்சொன்ன உலுக்கலும் அதில் சேர்கிறது. நீங்கள் ஏறும் கயிற்றை எந்த அவசரத்திலும் கட்டை இறக்கப் பயன்படுத்தாதீர்கள். கட்டை இறக்கிய கயிற்றில் ஏறவும் ஏறாதீர்கள்.

அடுத்தது, உங்கள் கேள்வியில் இல்லாத ஒன்று. மூவரில் ஏறத் தெரிந்தவர் நீங்கள் ஒருவர் மட்டும் என்றால், மேலே உங்களுக்கு அடிபட்டால் யார் வருவார்கள்? ஹார்னஸில் அசைவற்றுத் தொங்கும் ஆளை நிமிடக் கணக்கில் கீழே இறக்கியாக வேண்டும். வெளியிலிருந்து உதவி வரும்வரை காத்திருக்க முடியாது. இரண்டாவது ஹார்னஸ், இரண்டாவது கயிறு, தண்டில் குத்தி ஏற உதவும் முட்காலணி ஒரு சோடி ஆகியவற்றை வாங்கி, மைத்துனருக்கு ஏறவும், மேலே இருக்கும் ஆளைக் கட்டி இறக்கவும் பயிற்சி கொடுங்கள். பெரிய செயின்சாவின் மேல் அவருக்கு இருக்கும் ஆர்வத்தை இதன் பக்கம் திருப்ப முடிந்தால் குழுவுக்கே நல்லது. முட்காலணி அகற்றப்போகும் மரத்துக்கு மட்டும். கிளை கழித்து உயிரோடு விடப்போகும் மரத்தில் அது குத்தும் ஒவ்வொரு இடமும் புண்ணாகும். பட்டுப்போன மரத்தில், வேர் அழுகியதற்கான அறிகுறி உள்ள மரத்தில் ஏறவே வேண்டாம். தூக்கு மேடை உள்ள வண்டியை வாடகைக்கு எடுங்கள், அதற்கு வழியில்லை என்றால் வேலையை விட்டுவிடுங்கள். மின்கம்பிக்கு மூன்று மீட்டருக்குள் கிளை இருக்கும் மரத்தையும் தொடாதீர்கள், மின்சாரம் துண்டிக்கப்பட்டதை மின் நிறுவனமே உறுதிசெய்யும் வரையில்.

இனி செயின்சாவுக்கு வருவோம். உங்கள் 50 சிசி செயின்சா நல்ல நிலையில் இருந்தால் கீழே நடக்கும் வேலையில் பெரும்பகுதியை அதுவே செய்துவிடும். 18 அங்குலம் என்றால் 45 செ.மீ.; இரு பக்கமிருந்தும் வெட்டினால் 80 செ.மீ. வரையுள்ள கட்டையைத் துண்டு போடலாம். அடுத்த செயின்சா மேலே பயன்படுத்துவதற்கான, கைப்பிடி உச்சியில் அமைந்த சிறியதாக இருக்கட்டும்: 30 முதல் 40 சிசி வரை, 12 அல்லது 14 அங்குலப் பார். அந்தக் கைப்பிடி அமைப்பு ஒற்றைக் கையால் வெட்டத் தூண்டும், தூண்டுதலுக்கு இணங்காதீர்கள். பாரின் நுனியின் மேற்பாதி எதிலாவது பட்டால் செயின்சா முகத்தை நோக்கித் துள்ளும், இரண்டு கையும் பிடித்திருந்தால்தான் அதைத் தாங்க முடியும். மேலே செயின்சாவை ஓட்டும்போது ஏறும் கயிறோடு, உள்ளே எஃகுக் கம்பி ஓடும் இடுப்புக் கயிறு ஒன்றும் மரத்தைச் சுற்றி இருக்க வேண்டும்.

மூன்றாவதாக ஒன்று வாங்கும் காலம் வரும்போதும் 90 சிசிக்குப் போகாமல் 70 சிசி அளவில் 24 அல்லது 25 அங்குலப் பாருடன் ஒன்றைப் பாருங்கள். அந்த வகைகளில் பார் இல்லாமல் எடை 6 கிலோ அளவில் இருக்கிறது; ஸ்டீல் (Stihl) நிறுவனத்தின் எம்எஸ் 462 அதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 90 சிசியில் 36 அங்குலப் பாரும் செயினும் எரிபொருளும் சேர்ந்தால் 10 கிலோவைத் தாண்டும். அதைப் பிற்பகலிலும் நிதானமாகப் பிடிக்க வல்லவர் குறைவு. ஒரு மீட்டருக்கு மேற்பட்ட அடித்தண்டு அடிக்கடி வரும் குழுவுக்கு அது தேவைதான். எப்போதாவது ஒன்று வந்தால் வாடகைக்கு எடுப்பதே போதும்.

எந்தச் செயின்சாவாக இருந்தாலும் அதன் வலிமை பல்லில்தான் இருக்கிறது. மழுங்கிய செயினுடன் ஓடும் 90 சிசியைக் கூரான 50 சிசி எளிதில் தோற்கடித்துவிடும். வெட்டில் இருந்து சிறு செதில்கள் வந்தால் செயின் கூராக இருக்கிறது. மாவு போன்ற தூள் வந்தால் உடனே நிறுத்தித் தீட்டுங்கள், அழுத்தி வெட்டாதீர்கள். அரத்தின் குறுக்களவு செயினின் கண்ணி அளவைப் பொறுத்தது: உயரம் குறைந்த (லோ புரொஃபைல்) 3/8 அங்குலச் செயினுக்கு 4 மி.மீ., 0.325 அங்குலத்துக்கு 4.8 மி.மீ., முழு 3/8 அங்குலத்துக்கு 5.2 அல்லது 5.5 மி.மீ. உருண்டை அரம் பொருந்தும். அரத்தைப் பல்லின் உட்புறத்திலிருந்து வெளிப்புறமாகத் தள்ள வேண்டும். திரும்ப இழுக்கும்போது பல்லில் படாமல் தூக்கிவிட வேண்டும். மிகவும் தேய்ந்த பல்லை முதலில் தேடிப் பிடித்து, மற்றப் பற்களை அதன் நீளத்துக்குக் கொண்டுவாருங்கள். இடப்பக்கப் பற்களும் வலப்பக்கப் பற்களும் நீளத்தில் மாறுபட்டால் வெட்டு ஒரு பக்கமாக வளைந்து ஓடும். ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் நிற்கும் சிறு மேட்டை மறந்துவிடுகிறவர்கள் அதிகம். அது பல்லின் உச்சியைவிட ஏறக்குறைய 0.65 மி.மீ. தாழ்ந்திருந்தால்தான் பல் மரத்தைக் கடிக்கும். அளவுக்கு மேல் தாழ்ந்தால் செயின் வெட்டி இழுத்துத் துள்ளத் தொடங்கும். மண் ஒட்டிய அடித்தண்டுகளுக்குப் பல்லின் மூலை உருண்ட வகைச் செயின் கூடுதல் நேரம் கூர் தாங்கும்.

உடல் காப்புக்கான செலவை மிச்சப்படுத்தாதீர்கள். செயின்சா தடுப்புக் காற்சட்டையின் உள்ளே இருக்கும் நீண்ட இழைகள் செயினில் சுற்றிப் பல்சக்கரத்தை நிறுத்திவிடும். முதல் வகுப்புக் காற்சட்டை வினாடிக்கு 20 மீட்டர் செயின் வேகத்துக்குச் சோதிக்கப்பட்டது, இரண்டாம் வகுப்பு 24 மீட்டருக்கு. கிழிந்ததைத் தைத்துப் போட்டுக்கொண்டால் தையல் அந்த இழைகளைப் பிணைத்துவிடும் என்பதால் காப்பு போய்விடும். காதுக்காப்பு கழற்றுவதற்கும் மாட்டுவதற்கும் எளிதாகத் தலைக்கவசத்திலேயே இருக்கட்டும். எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபெல் என்ற வரம்பை வைத்துக் கணக்கிட்டால் 100 டெசிபெல் ஒலியைக் காப்பின்றிக் கேட்கத் தகும் நேரம் 15 நிமிடந்தான். பெட்ரோல் செயின்சா அதையும் தாண்டும்.

பேட்டரி செயின்சா மரத்தின் மேலே இப்போது தாராளமாகப் போதும். விசையை விட்டதும் எந்திரம் அடங்கிவிடுவதால் மேலிருந்து நீங்கள் சொல்வது கீழே இருப்பவருக்குக் கேட்கிறது. தொங்கிக்கொண்டே கயிற்றை இழுத்து முடுக்க வேண்டியதும் இல்லை. நடுத்தரக் கிளைகள் வரை அதை நம்பலாம். தடித்த தண்டைத் தொடர்ந்து துண்டு போடும் நாளில் பேட்டரிகள் விரைவில் தீரும் என்பதால் குறைந்தது மூன்று வைத்துக்கொள்ளுங்கள், அல்லது அந்தக் கட்டத்தில் சிறிய பெட்ரோல் செயின்சாவை மேலே அனுப்பச் சொல்லுங்கள். சத்தம் இல்லாததால் அது ஆபத்தற்றது என்ற எண்ணம் வந்துவிடக்கூடாது. மின்மோட்டாரின் முறுக்குவிசையால், காற்சட்டை இழைகள் பெட்ரோல் செயின்சாவை நிறுத்தும் அதே விரைவில் இதையும் நிறுத்தும் என்று எண்ண முடியாது.

சிப்பர் பற்றிய உங்கள் எண்ணம் திசையில் சரி, நேரத்தில் மட்டும் முந்தியது. நாளின் பெரும்பகுதியைத் தின்னும் வேலையைக் குறைப்பது அதுதான். நான்கு நடை ஏற்ற வேண்டிய கிளைக்குவியலைச் சில்லுகளாக்கி ஒரு நடையில் முடித்துவிடும். முதல் சில மாதங்கள் வாடகைக்கு எடுத்து, மாதத்தில் எத்தனை நாள் எடுக்கிறீர்கள், அந்த நாட்களில் எத்தனை மணி நேரம் உண்மையில் ஓடுகிறது என்று எழுதிவையுங்கள். வாடகைத் தொகை கடன் தவணையையும் கத்தி தீட்டும் செலவையும் தொடும்போது வாங்கலாம். மூவர் குழுவுக்கு 15 செ.மீ. கிளை வரை உள்ளே எடுக்கும் அளவு போதும். கிளைகளைக் குவிக்கும்போதே தடித்த முனைகள் எல்லாம் சிப்பரை நோக்கி இருக்கும்படி அடுக்கிவிட்டால் ஊட்டும் வேலை பாதியாகும். பக்கவாட்டில் நின்று ஊட்டி, கிளை பிடிபட்டதும் கையை விட்டு விலகிவிட வேண்டும். தரையில் கிடக்கும் ஏறும் கயிறு கிளையோடு சேர்ந்து உள்ளே போனால் மேலே இருப்பவரையும் இழுத்துவிடும் என்பதால், ஆள் மேலே இருக்கும்போது சிப்பரை மரத்தடியில் ஓட்டவே கூடாது.

பழைய சிப்பர் வாங்குவதானால் வெளி வண்ணத்தைப் பார்ப்பதற்கு முன் கத்தியின் விளிம்பையும், கத்திக்கும் எதிர்த்தகட்டுக்கும் உள்ள இடைவெளியையும் பாருங்கள். எஞ்சினை அணைத்துச் சாவியை எடுத்த பிறகு, சுழலும் பாகம் முழுவதும் நின்றுவிட்டதை உறுதிசெய்துகொண்டு, அதைக் கையால் சுழற்றித் தாங்கிகளில் ஆட்டம் இருக்கிறதா என்று சோதியுங்கள். பிறகு ஓட்டச் சொல்லி, ஊட்டும் வாயைச் சுற்றியுள்ள நிறுத்து தண்டை உடலால் தள்ளிப் பாருங்கள். உருளைகள் உடனே நிற்கவில்லை என்றாலோ, அந்தத் தண்டு கம்பியால் கட்டி முடக்கப்பட்டிருந்தாலோ, எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.