தப்பாக ஊகித்தால் தப்பே பதியுமா?

கேள்வி: பாடம் நடத்தும் முன்பே கேள்வி கேட்டால் பிள்ளைகள் எதையாவது உளறுவார்கள். அந்த உளறல்தானே மனதில் தங்கும்? (பள்ளி ஆசிரியை)

பதில்: 2009-இல் கார்னெல், ஹேஸ், பியோர்க் என்ற உளவியல் ஆய்வாளர்கள் மூவரும் இதைத்தான் சோதித்தார்கள். 'திமிங்கிலம்' என்ற சொல்லைக் காட்டி, இதன் இணைச்சொல் என்ன என்று கேட்டார்கள். ஊகிக்க 8 நொடி. பிறகு 'பாலூட்டி' என்ற விடையைப் பார்க்க 5 நொடி. வேறு சில இணைகளை ஊகமே இல்லாமல் 13 நொடியும் படிக்க விட்டார்கள். தற்செயலாகச் சரியாக ஊகித்தவற்றைக் கணக்கில் சேர்க்கவில்லை. அப்படியும் பின்னர் நடந்த தேர்வில் முந்தியவை, தப்பாக ஊகித்த சொற்களே. விடையைத் தேடி மனம் துழாவும்போது தொடர்புள்ளவை விழித்துக்கொள்கின்றன, வரும் விடை அவற்றைப் பற்றிக்கொள்கிறது என்பது ஒரு விளக்கம். ஆனால் விடையைச் சொல்லாமல் மணி அடித்ததும் கிளம்பிவிடாதீர்கள்.

கேள்வி: எதை ஊகித்தாலும் பலன் உண்டா?

பதில்: இல்லை. ஒட்டோ உறவோ இல்லாத சொல் இணைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை என்று ஹியூல்சரும் மெட்காஃபும் 2012-இல் காட்டினார்கள்.

கேள்வி: தப்பு பதிந்துவிடாதா?

பதில்: முதல் பதிலைப் பாருங்கள்.

கேள்வி: நான் பயிற்சி மையம் நடத்துகிறேன். மாணவன் அடித்துச் சொல்லும் தவறு மாறவே மாறாது. உங்கள் ஆய்வகம் வேறு, வகுப்பறை வேறு.

பதில்: ஆஸ்திரேலியாவின் தலைநகர் சிட்னிதான் என்று சத்தியம் செய்பவரிடம் 'கான்பெரா' என்று சொல்லிப் பாருங்கள், முகம் சுருங்கும், விடை நிற்கும். உறுதியாக நம்பிய தவறுகளே திருத்தியபின் எளிதில் மாறுகின்றன என்பது பட்டர்ஃபீல்டு, மெட்காஃப் 2001-இல் கண்டது.

அவரே மீண்டும்: நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்வு செய்யும் தாள்களில் தவறான விடைதான் ஒட்டிக்கொள்கிறது. கண்ணால் பார்க்கிறேன்.

பதில்: அது உண்மை, மறுக்கவில்லை. ஆனால் தாளைத் திருத்தி எத்தனை நாள் கழித்துக் கொடுக்கிறீர்கள்? மதிப்பெண் மட்டுமா, விடையுமா? விடை சொல்லாத தாள் தவறான விடைகளைப் பழக்கப்படுத்துகிறது. குற்றம் ஊகத்தின் மீதல்ல, ஐயா, உங்கள் அலமாரியில் தூங்கும் கட்டின் மீது.

கேள்வி: தாத்தாவுக்கு நினைவிழப்பு. இப்படிப் பயிற்சி தரலாமா?

பதில்: வேண்டாம். நினைவிழப்பு உள்ளவர்கள் தவறுக்கே இடம் தராத முறையில் நன்றாகக் கற்றார்கள் என்று பேட்லியும் வில்சனும் 1994-இல் கண்டார்கள். நரம்பியல் மருத்துவரைக் கேளுங்கள்.

கேள்வி: எல்லாம் சரி, தப்பு பதிந்துவிடாதா?

பதில்: முதல் பதிலைக் கையால் மூடிக்கொண்டு, அதில் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று ஊகியுங்கள். பிறகு கையை எடுங்கள்.