மகன் நடன இயக்குநர் ஆகணும் என்கிறான்: சாட்ஸ்வர்த் அம்மாவுக்கு ஒரு பதில்

அன்புள்ள அக்கா,

டர்பனின் சாட்ஸ்வர்த்திலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. மகன் பதினோராம் வகுப்பு. கணக்கிலும் அக்கவுண்டிங்கிலும் நல்ல மதிப்பெண். சி.ஏ. படிப்பான் என்று வீடே நம்பியிருக்க, அவனோ நடன இயக்குநர் ஆகப்போகிறேன், நாடகமும் இயக்குவேன், அதுவும் பின்நவீன நடனம் என்கிறான். அவன் அப்பா, அதாவது அண்ணன், அவனோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். கூத்தாடிப் பிழைக்கவா படிக்க வைத்தோம் என்று கேட்கிறாராம்.

சரி, கூத்திலிருந்தே தொடங்குவோம். கரும்புத் தோட்டக் காலத்தில் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் நம் முன்னோர் ஆடிய தெருக்கூத்தை இங்கே 'சிக்ஸ் ஃபுட் டான்ஸ்' என்பார்கள், அண்ணனுக்கும் தெரிந்திருக்கும். கூத்தென்றால் அதற்கு வாத்தியார் ஒருவர் இருப்பார். யாருக்கு எந்த வேடம், எந்தப் பாட்டுக்கு எந்த அடவு, யார் எப்போது திரையை விலக்கி வரவேண்டும், எல்லாம் அவர் பொறுப்பு. உங்கள் மகன் கேட்பது அந்த வாத்தியார் வேலையை. ஆடுகிறவருக்கு நாற்பது வயதுக்குள் முழங்கால் மக்கர் பண்ணும். ஆட வைக்கிறவர் எழுபதிலும் வேலை செய்யலாம்.

பின்நவீனம் என்ற பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். 1962-இல் நியூயார்க்கில், ஜட்சன் என்ற தேவாலயத்தில், சில இளம் கலைஞர்கள் கூடி ஆடத் தொடங்கினார்கள். பயிற்சி பெற்ற உடம்பு, உடை அலங்காரம், கதை இதெல்லாம் இருந்தால்தான் நடனமா, சும்மா நடப்பதும் உட்காருவதும் நடனமாகாதா என்பது அவர்கள் கேள்வி. அவர்களில் ஒருவரான த்ரிஷா பிரவுன் 1970-இல் ஒரு ஆளைக் கயிற்றில் கட்டி, கட்டடத்தின் வெளிச்சுவரில் மேலிருந்து கீழே நடந்து வரச் செய்தார். அவ்வளவுதான் அந்தப் படைப்பு. இதற்குப் போய் டிக்கெட்டா என்று அண்ணன் கேட்பார். எனக்குமே சில படைப்புகளைப் பார்க்கையில் அப்படித் தோன்றியதுண்டு.

அந்தக் கூட்டத்தில் டேவிட் கோர்டன் என்று ஒருவர். உங்கள் மகன் சொல்லும் இரண்டு வேலையையும் செய்தவர். நடனமும் அமைத்தார், நாடகமும் இயக்கினார். ஆனால் வீட்டுக்குச் சோறு போட்டது வேறு தொழில். கடைகளின் கண்ணாடி ஜன்னலில் பொருள்களை அடுக்கி அலங்கரிக்கும் வேலையைப் பல வருடம் பார்த்தார். மனைவி வால்டா செட்டர்ஃபீல்டும் நடனக் கலைஞர். வீட்டில் ஒரு மகன். மாதச் செலவுக்கு என்ன வழி என்ற கேள்வி அவர்களுக்கும் இருந்தது. 1970-களில் அவரும் மனைவியும் இரண்டு மடக்கு நாற்காலிகளை வைத்தே ஒரு படைப்பை உருவாக்கினார்கள். ஏறுவது, இறங்குவது, நாற்காலிக்குள் நுழைந்து வெளியே வருவது, இவ்வளவுதான் அதில். கடை ஜன்னலில் எதை எங்கே வைத்தால் தெருவில் போகிறவர் நிற்பார் என்று பழகிய கண் இதற்கும் உதவியிருக்கும் என்றே நினைக்கிறேன். 1980-களில் பெரிய பாலே குழுவான அமெரிக்கன் பாலே தியேட்டருக்கே நடனம் அமைத்தார். பிறகு மகனோடு சேர்ந்து நாடகமும் எழுதினார். 2022-இல், 85 வயதில் காலமானார்.

அமெரிக்கக் கதை நமக்கெதற்கு என்றால், நம் டர்பனில் பிறந்த ஜே பாதர் இருக்கிறார். சிவேலா சோங்கே என்ற நடனக் குழுவை வழிநடத்தியவர். மேடையை விட்டு இறங்கி, ஊரின் பொது இடங்களிலேயே படைப்புகளை நிகழ்த்தியவர். அவரும் படைப்பை மட்டும் நம்பி இருக்கவில்லை. கேப்டவுன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகவும் இருந்தார்.

ஆகவே அக்கா, சி.ஏ.வா நடனமா என்று வீட்டில் நடக்கும் பட்டிமன்றத்தை நிறுத்துங்கள். இந்தத் தொழிலில் நிலைத்தவர்களில் பலருக்குப் பக்கத்தில் இன்னொரு வருமானம் இருந்தது. உங்கள் மகனுக்கு அது என்னவாக இருக்கும் என்பதைப் படிப்பில் சேரும்போதே யோசிக்க வேண்டும்.

பண விஷயத்தை மூடி மறைக்க மாட்டேன். இங்கே மாதச் சம்பளம் தரும் நடனக் குழுக்கள் மிகக் குறைவு. தேசியக் கலை மன்றம் போன்றவை ஒவ்வொரு படைப்புக்கும் தனித்தனியாக நிதி தரும். விண்ணப்பம், வரவுசெலவுத் திட்டம், முடிந்ததும் கணக்கு ஒப்படைப்பு என்று எழுத்துவேலை நிறைய. தனியாக ஒப்பந்தத்தில் உழைப்பவருக்கு யு.ஐ.எஃப். என்ற வேலையிழப்புக் காப்பீடு கிடையாது. வரியையும் ஆகஸ்டிலும் பிப்ரவரியிலும் அவரே கணக்குப் போட்டுக் கட்ட வேண்டும். அக்கவுண்டிங் தெரிந்த நடன இயக்குநர் இதில் தடுமாற மாட்டார். அதனால் அந்தப் பாடத்தை விட்டுவிட வேண்டாம் என்று நான் சொன்னதாக அவனிடம் சொல்லுங்கள்.

படிப்பைப் பொறுத்தவரை, நடனம் மட்டும் சொல்லித்தரும் தனியார் அகாடமி வேண்டாம் என்பேன். நாடகமும் நிகழ்த்துகலையும் சேர்ந்த பட்டப்படிப்பே நல்லது. டர்பனிலேயே குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் நாடகத் துறை இருக்கிறது. வெளியூர் அனுப்ப மனம் வந்தால் கேப்டவுன், விட்ஸ், ரோட்ஸ் பல்கலைக்கழகங்கள். மெட்ரிக் என்ற பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் 'பேச்சுலர் பாஸ்', அதாவது பட்டப்படிப்பில் சேரத் தகுதி தரும் தேர்ச்சி, கட்டாயம், அதற்குக் குறைந்தது நான்கு பாடங்களில் 50 சதவீதம் வேண்டும். உங்கள் மகனுக்கு அது பெரிய விஷயமில்லை. வீட்டு வருமானம் ஆண்டுக்கு 3,50,000 ராண்டுக்குள் என்றால் என்.எஸ்.எஃப்.ஏ.எஸ். என்ற அரசின் மாணவர் உதவித்தொகைக்கும் எழுதலாம். அது அரசுக் கல்லூரிகளுக்குத்தான், தனியார் அகாடமிக்குக் கிடைக்காது. பட்டத்துக்குப் பிறகு ஒரு வருடம் பி.ஜி.சி.இ. என்ற ஆசிரியர் பயிற்சி படித்தால் பள்ளியில் நாடகம் கற்பிக்கலாம். ஒளியமைப்பு, மேடை நிர்வாகம் கற்றுக்கொண்டாலும் வேலைக்கு வழியுண்டு. அண்ணனிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்.

படிப்பில் சேர்க்கும் முன் ஒரு சோதனை. இந்த விடுமுறையில் பெரியம்மா, சித்தி பிள்ளைகள் மூன்று பேரையும் நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகளையும் அவனிடம் கொடுங்கள். காரை வெளியே நிறுத்திவிட்டு கராஜைக் காலி செய்து தாருங்கள். தரையில் டேப் ஒட்டி ஐந்து நிமிடப் படைப்பு ஒன்றை அவன் அமைக்கட்டும். அவன் ஆடக் கூடாது. ஒருத்தி ஒத்திகைக்கு வராவிட்டால் என்ன செய்கிறான், சின்னவன் சொன்னபடி செய்யாவிட்டால் கத்துகிறானா, வேறு வழி யோசிக்கிறானா, நோட்டில் எழுதி வைக்கிறானா என்று கவனியுங்கள். முடிந்ததும் கைதட்டல் போதவில்லை என்று வருத்தப்பட்டால் அவனுக்கு மேடை ஆசை, அது வேறு விஷயம். "அவள் இடது பக்கத்திலிருந்து வந்திருக்கணும், மறுபடி செய்யலாம்" என்று டேப்பைப் பிய்த்து மாற்றி ஒட்டினால், பையனுக்கு இந்த வேலை வரும்.

டர்பனில் 1998 முதல் 'ஜோம்பா' என்ற சமகால நடன விழா நடக்கிறது. அண்ணனையும் கூட்டிக்கொண்டு ஒரு மாலை போய்ப் பாருங்கள். பிடிக்காவிட்டாலும் மகன் எந்த உலகத்துக்குப் போகிறான் என்பது தெரியும். நம் மாகாணக் கல்லூரிகளுக்கு சி.ஏ.ஓ. என்ற பொது விண்ணப்ப அலுவலகம் மூலம்தான் விண்ணப்பிக்க வேண்டும். அடுத்த வருடம் செப்டம்பர் வரை இழுக்காமல் முன்பே போட்டுவிடுங்கள். முதலில் அவர்கள் பார்ப்பது பதினோராம் வகுப்பு மதிப்பெண்ணை. அதனால் கராஜ் ஒத்திகையெல்லாம் இந்த வருடப் பரீட்சை முடிந்த பிறகு.