பாட்டில் ஓர் இடம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

இசை பற்றி நீங்கள் எழுதுவதை விடாமல் வாசிப்பவன் நான். ஒரு வருத்தத்தைச் சொல்லவே இந்தக் கடிதம். என் மகள் கல்லூரி விடுதியில் தங்கிப் படிக்கிறாள். தினமும் காலையில் எனக்குப் பிடித்த பழைய பாட்டு ஒன்றை அவளுக்கு வாட்ஸப்பில் அனுப்புவேன். எம்.எஸ்.வி.யின் அறுபதுகளின் தொடக்கத்துப் பாட்டுகள், கே.வி.மகாதேவன், எஸ்.எம்.சுப்பையா நாயுடு என்று ஒரு வருடமாக அனுப்புகிறேன். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வரும். போன வாரம் நேரிலேயே கேட்டேன். “ஒண்ணுகூட முழுசா கேட்டதில்லைப்பா, எல்லாம் ஒரே மாதிரி இருக்கு” என்றாள். அன்றிலிருந்து அனுப்பவில்லை. இவர்களெல்லாம் நம்மோடு முடிந்துவிடுவார்களா? எப்படித்தான் கொண்டுசேர்ப்பது?

(பெயர் வேண்டாம், மகளும் படிப்பாள்.)

ஒரு வாசகன்

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மகள் உங்களிடம் உண்மையைச் சொல்லியிருக்கிறாள். அதற்காகச் சந்தோஷப்படுங்கள். ‘எல்லாம் ஒரே மாதிரி இருக்கு’ என்பதும் உண்மைதான். காது பழகாத எந்த இசையும் முதலில் அப்படித்தான் கேட்கும். கர்நாடக சங்கீதம் எனக்கு இருபது வயதுவரை ஒரே நீளமான பாட்டாகத்தான் இருந்தது.

நீங்கள் அனுப்பிய முந்நூறு சொச்சம் பாட்டுகளில் ஒவ்வொன்றோடும் உங்களுக்கு ஒரு ஞாபகம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. முதல் வரி வந்ததுமே உங்களுக்குள் பாதி வேலை முடிந்துவிடுகிறது. அவளுக்கு வந்து சேர்ந்தது வெறும் சுட்டி. அந்தப் பாட்டில் எந்த இடத்தில் நீங்கள் கண்ணை மூடுகிறீர்கள் என்பது அதில் இல்லையே.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் ஒரு நண்பனின் அப்பா. கேசட் காலம். நண்பனைத் தேடிப் போனேன், அவன் வீட்டில் இல்லை. டேப் ரிக்கார்டர் முன்னால் உட்கார்ந்திருந்தவர், “உட்கார், ஒண்ணு காட்டறேன்” என்றார். கொஞ்சும் சலங்கை படத்தின் ‘சிங்கார வேலனே’ ஓடிக்கொண்டிருந்தது. “ஜானகி பாட்டுதானே மாமா, தெரியும்” என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. பட்டனை அழுத்தி நிறுத்தினார், கொஞ்சம் பின்னால் ஓட்டினார், ஒரு விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மறுபடி போட்டார். குரல் ஒரு ஸ்வர வரிசையைப் பாடி முடித்து, நாதஸ்வரம் அதை எடுக்கும் இடம் வந்ததும் விரலை இறக்கினார். “இங்கே. திரும்பக் கேள்.” நாலைந்து தடவை அதே இடம். பாட்டு முழுவதையும் அன்றைக்கு அவர் போடவே இல்லை.

அந்த இடத்தில் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நாதஸ்வரம் திறந்த வெளிக்கான வாத்தியம். கோயில் வீதியில் வாசித்தால் அடுத்த வீதியில் கேட்கும். அதைக் கொண்டுவந்து ஒரு பெண் குரலுக்குப் பக்கத்தில் வைத்தால் குரல் அமுங்கித்தான் போக வேண்டும். இங்கே அமுங்கவில்லை. ஆபேரி ராகத்தில் எஸ்.ஜானகி ஒரு கமகத்தை, அதாவது ஸ்வரத்தை அசைத்துப் பாடும் அந்த அசைவை, எப்படி வளைத்து முடிக்கிறாரோ அதே வளைவில், அதே கனத்தில் நாதஸ்வரம் உள்ளே வருகிறது. நாதஸ்வரத்தின் ஊதும் முனையான சீவாளியில் உதட்டை வைத்து ஊதுகிற ஒரு மனிதர், குரலுக்கு இடம் கொடுப்பதுபோல, மூச்சை அளந்து விடுகிறார். கவனித்துக் கேட்டால் அந்த மரியாதை காதில் விழும். ஜானகியும் விட்டுக்கொடுக்கவில்லை. நாதஸ்வரம் போகும் உயரத்துக்குக் குரல் பிசிறாமல் ஏறுகிறது. யார் யாரைப் பின்தொடர்கிறார்கள் என்று கடைசியில் சொல்ல முடியாது.

வாசித்தவர் காருகுறிச்சி அருணாசலம். நாதஸ்வர மேதை டி.என்.ராஜரத்தினம் பிள்ளையின் சீடர், அவருக்கு இரண்டாம் நாதஸ்வரம் வாசித்தவர். படம் 1962-ல் வந்தது, 1964-ல் அவர் காலமாகிவிட்டார். இந்தத் தகவலெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரியும். அன்றைக்கு மாமா அந்தப் பெயரை மட்டும்தான் சொன்னார், அதுவும் நான் “யார் வாசிச்சது?” என்று கேட்ட பிறகு. நானாகக் கேட்ட பெயர் என்பதால் இன்றுவரை மறக்கவில்லை.

உங்கள் கடிதத்தில் ஒரு சின்னத் திருத்தம், தப்பாக நினைக்க வேண்டாம். ‘எம்.எஸ்.வி.யின் அறுபதுகளின் தொடக்கத்துப் பாட்டுகள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அவை விஸ்வநாதன்-ராமமூர்த்தி இருவரின் பாட்டுகள். 1952-ல் ‘பணம்’ படத்தில் சேர்ந்து, 1965-ல் பிரிகிறவரை இருவர் பெயரும் சேர்ந்தேதான் வந்தது. ராமமூர்த்தி வயலின் கலைஞர். அந்தப் பாட்டுகளில் வயலின்கள் சேர்ந்து எழும் இடங்கள் வரும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம் வரும். நாமே பாதிப் பெயரை விட்டுவிட்டால் அடுத்த தலைமுறைக்கு அந்தப் பாதி எங்கிருந்து போய்ச் சேரும்?

அவர்களுக்குப் பின்னால் உட்கார்ந்து வாசித்தவர்களும் அப்படித்தான். ஷெனாய் சத்யம், அக்கார்டியன் மங்களமூர்த்தி, புல்லாங்குழல் நஞ்சப்பா. வாத்தியமே முன்பெயராக ஒட்டிக்கொண்ட மனிதர்கள். படத்தின் டைட்டிலில் இவர்களுக்கு இடம் அபூர்வம். பாட்டு ஆப்களிலும் கிடையாது.

1902-ல் இந்துஸ்தானிப் பாடகி கௌஹர் ஜான் கிராமபோன் கம்பெனிக்குப் பாடியபோது, மூன்று நிமிடச் சொச்சம் ஓடும் தட்டில் பாட்டு முடிந்ததும் “மை நேம் இஸ் கௌஹர் ஜான்” என்று ஆங்கிலத்தில் உரக்கச் சொல்லுவார். தட்டுகள் ஜெர்மனியில் ஹனோவரில் அச்சாகின. எந்தத் தட்டு யாருடையது என்று அங்கே இருப்பவர்களுக்குத் தெரிய வேண்டுமே, அதற்காக. அந்தப் பதிவுகளைக் கேட்கும்போது பாட்டைவிட அந்தக் கடைசி வரிதான் என்னை என்னவோ செய்யும். தன் பெயரைத் தானே சொல்லிக்கொள்ள ஒருவருக்கு அங்கே ஒரு நொடி கிடைத்தது. நஞ்சப்பாவுக்கு அது கிடைக்கவில்லை. அவர் சார்பில் நாம்தான் சொல்ல வேண்டும்.

சரி, மகள் விஷயத்துக்கு வருகிறேன்.

தினம் ஒரு பாட்டு வேண்டாம். மாதத்துக்கு ஒன்று போதும். அனுப்பும்போது எந்த நிமிடம், எந்த நொடி என்று குறித்து, அங்கே உங்களுக்கு என்ன கேட்கிறது என்று இரண்டு வரி உங்கள் சொல்லில் எழுதுங்கள். ‘தெய்வீகம்’, ‘இனி இப்படி யார்’ போன்ற சொற்கள் வேண்டாம், அவை கேட்பவரின் காதை மூடிவிடும். விருதுக் கணக்கும் அப்படித்தான். சிறந்த இசையமைப்புக்கான தேசிய விருதை முதன்முதலில் வாங்கியவர் கே.வி.மகாதேவன், 1967-ல் வந்த ‘கந்தன் கருணை’க்காக. சொன்னால் தலையாட்டுவாள், பாட்டைக் கேட்கமாட்டாள். அதற்குப் பதிலாக, அவர் பெரும்பாலும் பாட்டு வரிகளை முதலில் வாங்கிக்கொண்டு பிறகுதான் மெட்டுப் போடுவார் என்று சொல்லிப் பாருங்கள். சொல்லை நாம் பேசும்போது எங்கே அழுத்துவோமோ அங்கே மெட்டும் அழுத்துகிறதா என்று அவளே தேடுவாள்.

போன் ஸ்பீக்கரில் கேட்க வைக்காதீர்கள். பழைய பதிவுகளில் சுருதியும் தாளத்தின் அடிச்சத்தமும் ஏற்கெனவே மெலிதாகத்தான் இருக்கும், போனில் சுத்தமாகக் காணாமல் போய்விடும். ஹெட்போன் கட்டாயம். புது டிரம்ஸ் சேர்த்த பதிப்புகள் பக்கமே போக வேண்டாம்.

அப்புறம் இன்னொன்று. ஒரு வருடமாக நீங்கள் அனுப்பினீர்கள். அவள் கேட்கும் பாட்டு எதையாவது நீங்கள் கேட்டதாகக் கடிதத்தில் இல்லை. இந்த முறை நீங்கள் அனுப்புவதற்கு முன்னால் அவளிடம் ஒரு பாட்டு கேட்டு வாங்குங்கள். “எந்த இடம் உனக்குப் பிடிக்கும்?” என்று கேளுங்கள். அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேளுங்கள். பிடிக்காவிட்டால் பிடித்த மாதிரி நடிக்க வேண்டாம், அவள் உங்களிடம் நடிக்கவில்லையே. அங்கே வாசித்திருப்பது யார் என்று மட்டும் கேளுங்கள். தெரியாவிட்டால் இரண்டு பேருமாகத் தேடுங்கள்.

அந்தப் பெயர் கிடைத்ததும் எனக்கும் எழுதுங்கள். நானும் அந்த இடத்தைக் கேட்டுப் பார்க்கிறேன்.

அன்புடன்.