இதுவரை நீங்கள் வைத்திருந்த கார்கள் என்னென்ன? அவற்றில் மறக்க முடியாதது எது?

ஸ்டாண்டர்டு ஹெரால்டு, மாருதி 800, ஹூண்டாய் சாண்ட்ரோ, ஃபோர்டு ஃபிகோ. எல்லாம் ஒன்றை விற்று ஒன்று வாங்கியதுதான். எனக்கு வீடு தாம்பரத்தில் என்பதால் இதில் ஒரு வேடிக்கை உண்டு. மாருதி மட்டும்தான் குர்கானில் இருந்து வந்தது. மற்ற மூன்றும் டிராஃபிக் இல்லாத நேரத்தில் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய ஆலைகளில் தயாரானவை. அதில் இரண்டில் கார் உற்பத்தி நின்றுபோனதையும் பார்த்துவிட்டேன்.

மறக்க முடியாதது எது என்றால் யோசிக்கவே வேண்டாம், ஹெரால்டுதான். இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டை 1961 முதல் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்ற கம்பெனி இங்கே பெருங்களத்தூர், வண்டலூர் பக்கம் தயாரித்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் வாங்கியபோது அந்த ஆலை மூடிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. என் சம்பளத்துக்கு ஒரு கார் கிடைத்ததே அதனால்தான். கம்பெனி இல்லாத வண்டியை யார் சீந்துவார்கள்?

அதன் பானெட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மற்ற கார்களில் மேல்மூடி மட்டும் திறக்கும். ஹெரால்டில் மட்கார்டு, ஹெட்லைட் எல்லாவற்றோடும் சேர்ந்து வண்டியின் முன்பாதியே முன்னால் கவிழும். எஞ்சின், ரேடியேட்டர், ஸ்டியரிங் ராடு எல்லாம் வெட்டவெளியில் நிற்கும். எங்கள் மெக்கானிக் அண்ணன் முன் டயர் மேல் சாவகாசமாக உட்கார்ந்து, டீ கிளாஸைப் பேட்டரி மேல் வைத்துவிட்டு, பிளக்கைக் கழற்றித் துடைப்பார். அதே ஆலையில் வேலை பார்த்தவர், மூடிய பிறகு வீட்டு வாசலிலேயே ஷெட் போட்டுக்கொண்டார். "தம்பி, இதுல நான் கைவைக்காத நட்டே கிடையாது" என்பார். எஞ்சின் 948 சி.சி.தான், மேட்டில் கொஞ்சம் முனகும். ஆனால் 25 அடி அகலம் கிடைத்தால் போதும், ரிவர்ஸ் எடுக்காமலே வண்டியைத் திருப்பிவிடலாம். இன்றைய சின்னக் கார்களில் பலவற்றால் இது முடியாது.

பார்ட்ஸுக்குச் சென்னையில் பழைய வண்டிச் சாமான் கடைகள் இருக்கும் புதுப்பேட்டை. பெயர் சொல்லிக் கேட்பதெல்லாம் அங்கே வேலைக்கு ஆகாது. தேய்ந்த சாமானைக் கையில் கொண்டுபோய் நீட்டினால், கடைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு உள்ளே போய், இரும்புக் குவியலில் இருந்து அதன் ஜோடியை எடுத்து வருவார். விலை அவர் சொல்வதுதான். பாதிக்குக் கேட்டு முக்காலில் முடிப்போம்.

விற்றதற்குக் காரணம் வண்டியில்லை, அம்மா. என்னுடையது இரண்டு கதவு மாடல். முன்சீட்டை மடக்கிவிட்டுப் புடவையோடு பின்னால் ஏறி இறங்க அவரால் முடியவில்லை.

மாருதி 800 பற்றிப் பெரிதாகச் சொல்வதற்கில்லை. சாவி போட்டால் ஸ்டார்ட் ஆனது, மைலேஜ் கொடுத்தது. தொந்தரவே தராததால் நினைவும் குறைவு.

சாண்ட்ரோ 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் இருந்து வந்தபோது அதன் உயரத்தைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் இல்லை. நானும் சிரித்தேன். ஆனால் மூட்டுவலிக்கார அப்பா ஷோரூமில் வேட்டியைத் தூக்கிக்கொண்டு, குனியாமல், நாற்காலியில் உட்காருவதுபோல் நேராக உட்கார்ந்துவிட்டார். அப்புறம் வேறு கார் பார்க்கவில்லை. பத்து வருடத்துக்கு மேல் ஓடியது.

இப்போது இருப்பது மறைமலைநகரில் செய்த 2012 ஃபிகோ டீசல். இதில் இண்டிகேட்டர் இடது கைப்பக்கம். மாருதியும் சாண்ட்ரோவும் ஓட்டிப் பழகிய கை திருப்பத்தில் தானாக வலதுபக்கம் போகும், நல்ல வெயிலில் வைப்பர் ஆடும். மற்றபடி ஸ்டியரிங் கையில் பேசுகிற வண்டி. ஃபோர்டு இங்கே கார் உற்பத்தியை நிறுத்தப்போவதாக 2021 செப்டம்பரில் அறிவித்த அன்றே மச்சான் போன் செய்தார்: "மாப்ள, வித்துடு, நாளைக்கு எவனும் வாங்க மாட்டான்." பழைய கார் விற்கும் ஒருவரிடம் விசாரித்தால், அதற்குள் விலையை அடிமாட்டுக்கு இறக்கியிருந்தார். நான் அசரவில்லை. ஏற்கெனவே மூடிய கம்பெனியின் காரை ஓட்டியவன்தானே. வெளியே நல்ல மெக்கானிக் இருக்கிறாரா, சாமான் கிடைக்கிறதா என்பதைத்தான் பார்த்தேன். இரண்டும் இருந்தன. மறைமலைநகரில் ஏற்றுமதிக்காக மறுபடி தொடங்கப்போவதாக 2024-ல் சொன்னார்கள். அது என் வண்டிக்கு எந்த விதத்திலும் உதவப்போவதில்லை, சரி.

2027-ல் பதினைந்து வருடம் முடிகிறது. எஃப்.சி. காட்டி, பசுமை வரி கட்டி ஆர்.சி.யைப் புதுப்பிப்பதாகத்தான் இருக்கிறேன். மலிவாகக் கிடைக்கிறதே என்று நீங்கள் பழைய ஃபிகோ டீசல் பார்ப்பதாக இருந்தால், டைமிங் பெல்ட் மாற்றிய பில்லைக் கேளுங்கள். பில் இல்லை என்றால் அந்தச் செலவை விலையில் கழித்துவிட்டுப் பேசுங்கள். ஓடும்போது அது அறுந்தால் எஞ்சினைப் பிரிக்க வேண்டியிருக்கும்.